மேல்தாடையில் ஒரு கன்றின் எலும்பு

கண்ணு,

இதை நீ படிக்கிறபோது உனக்கு மீசை அரும்பியிருக்கும், இல்லை அடர்ந்தே போயிருக்கும். என்னைவிட ஒரு முழம் உயரமாக நிற்பாய். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் பெட்டி கட்டுகிறவனாகவோ, கல்யாணம் நிச்சயமானவனாகவோ இருப்பாய். அப்படி ஒரு நாளில்தான் இதை உன் கையில் கொடுக்க நினைத்திருக்கிறேன். இன்றைக்கு உனக்கு ஆறு வயது. மேல் முன்பல் இரண்டும் விழுந்து, கண்ணாடி முன்னால் நின்று அந்த ஓட்டைக்குள் நாக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கும் அதே இடத்தில் நாலு பல் இல்லை. உன்னுடையது தானாக முளைத்துவிடும், என்னுடையது முளைக்காது. இந்த வீட்டில் இப்போது நடப்பதெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான்.

ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தத் தை மாதத்துக் கதையை யாராவது ஒரு நாள் உன்னிடம் சொல்லத்தான் போகிறார்கள். நம் ஒரம்பரைகளை, சொந்தபந்தத்தைத்தான் தெரியுமே, இதையெல்லாம் பந்தியில் இலை போட்ட பிறகுதான் எடுப்பார்கள். "உங்கம்மாவ ஊட்டோட அடைச்சு வெச்சது உன்ற வாய்தான் சாமி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீயும் சிரிப்பாய், பாதியில் இலையை மூடிவிடுவாய். அதற்கு முந்தி என்னிடமிருந்து உனக்கு இது வந்து சேர்ந்துவிட வேண்டும். இன்னொரு பயமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் மூக்கைச் சிந்த வேண்டிவரும். சிந்தக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

பல் போன கதையை முதலில் சொல்கிறேன். நான் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்தவள். மாட்டின் காம்பைத் தொட்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் உன் அத்தை கற்றுக்கொடுத்து. உன் அத்தை என்றால் உன் அப்பாவின் அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவர். புருஷன் செத்ததும் தம்பி வீட்டோடு வந்து, நாலு மாடாக இருந்ததை ஒரு பட்டியாக ஆக்கியவர். விடியலில் பால் சொசைட்டிக்கு முதல் கேன் நம் வீட்டிலிருந்து போகிறதென்றால் அது அவர் கைவேலை. எனக்குக் கறக்கச் சொல்லிக்கொடுத்தபோது, "ஏம்மிணி, அது பேனா இல்ல, பொத்துனாப்பல புடிக்காத. முழுக்கையில புடி" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அப்போது நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நம் செவலைப் பசு ஈன்ற கன்று நாலைந்து நாளில் செத்துப்போயிற்று. கன்று முன்னால் நிற்காவிட்டால் செவலை பாலை இறக்காது. செத்த கன்றின் தோலை உரித்து வாங்கி, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் கால்களாக வைத்துத் தைத்து நிறுத்தினார் உன் அத்தை. செவலை அதை நக்கும், நக்கிக்கொண்டே பாலை விடும். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். எனக்கு மட்டும் அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஈ மொய்த்தது, நாற்றம் வேறு. படித்தவள் அல்லவா, ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் பினாயில் கலந்த தண்ணீரில் அந்தத் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் அதைச் செவலையின் முன்னால் நிறுத்திவிட்டுக் கறக்க உட்கார்ந்தேன். செவலை மோந்து பார்த்தது. அதன் கன்றின் வாசனை அதில் இல்லை. ஒரே உதை. நான் முகத்தைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தேன், குளம்பு மேலுதட்டில் விழுந்தது. பல் நாலும் போனது, பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த முன்னெலும்பும் நொறுங்கிப்போயிற்று. பொள்ளாச்சியில் தையல் போட்டு எலும்புத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள். உன் அத்தைதான் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தார், அதை நான் மறக்கக் கூடாது. பிறகு ஆறினதும் எனக்கு ஒரு பெயரும் வைத்தார்: பினாயில் டீச்சர்.

டீச்சர் என்றது பொய்யில்லை. அப்போது நம் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட்டில் பல் கட்டிக் கொடுத்தார்கள், அதை மாட்டிக்கொண்டு போனேன். முதல் வருஷம் நின்றது. பிறகு ஆடத் தொடங்கியது. பல் இல்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பு மெல்லக் கரைந்து உள்வாங்கிவிடும் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் "தண்ணீர்" என்று சத்தமாகச் சொன்னேன், பிளேட் கழன்று மேஜை மேல் விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒன்று சிரித்தது. பிறகு எல்லாம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்கு மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு சுலபம். யாரும் உன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை, நீயே ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். அதை நீ செய்யாதே. செய்தாலும் இரண்டு நாளில் வெளியே வந்துவிடு. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உன் அப்பாதான் விசாரித்துக்கொண்டு வந்தார். கோயமுத்தூரில் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த ஒரு பல் டாக்டர் இருக்கிறார், கழற்றி மாட்டுகிற பல்லில்லை, எலும்பிலேயே ஊன்றி நிற்கிற பல்லாக வைக்கிறாராம் என்று. போனோம். அவர் என் தாடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உலோகத்துல ஒரு தகடு இருக்குதுங்க, அதை எலும்புக்குள்ள இறக்கி அதுமேல பல்லைக் கட்டோணும். ஆனா இங்க எலும்பே இல்லையே. செங்கல் இல்லாத சுவத்துல ஆணி அடிக்க முடியாதுங்களே" என்றார். முதலில் எலும்பை வைத்து மேடாக்க வேண்டும், அது ஒட்டிக்கொண்டதா என்று ஆறு மாசம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பல். அந்த எலும்புக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, என் இடுப்பெலும்பின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுப்பது. மயக்கம் கொடுத்து, படுக்கவைத்து, கொஞ்ச நாள் நடக்கவே கஷ்டப்பட வேண்டும். இன்னொன்று, அந்த நாட்டில் சுத்தம் செய்து சீல் வைத்து அனுப்புகிற எலும்பு. அது எதனுடைய எலும்பு என்று உன் அப்பா கேட்டார். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "கன்னுக்குட்டியோடதுங்க."

வீட்டுக்கு வந்து இடுப்பெலும்பைப் பற்றி மட்டும் பேசினோம். உன் அத்தை கையிலிருந்த தவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "பொம்பள இடுப்புல கத்தி வெக்கறதா? இன்னொரு புள்ள பெத்துக்க வேண்டாமா அவ? வேணுமின்னா உன்ற இடுப்புல எடுக்கச் சொல்லுடா."

"கேட்டுட்டேன்க்கா. என்ற எலும்பு சேராதாமா" என்றார் உன் அப்பா. உண்மையிலேயே கேட்டிருந்தார். டாக்டர் சிரித்துவிட்டார். உன் அப்பாவைப் பற்றி இனிமேல் சில விஷயம் சொல்லப்போகிறேன், அதையெல்லாம் படிக்கும்போது இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

ஆக, இடுப்புக் கதவு சாத்தியாயிற்று. மிச்சம் இருந்தது கன்று. அடுத்த தடவை போனபோது டாக்டர் என்னைத்தான் கேட்டார், உன் அப்பாவை அல்ல. அந்த வெளிநாட்டு எலும்பு வாயில் போய் என்ன செய்யும் என்று நான் கேட்டேன். "அதுக்கு உயிர் கிடையாதுங்க. வெறும் சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டறமில்லைங்களா, அதாட்ட. உங்க உடம்பு அதைப் பார்த்துட்டு, எலும்புன்னு நெனச்சு, தன்னோட எலும்பை அதுமேல ஏத்தும். ஏத்தாமயும் போகலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்." எனக்கு வைக்கோல் கன்றும் அதை நக்குகிற செவலையும் நினைவுக்கு வந்தன. சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அதேதானுங்க. தயவுசெஞ்சு பினாயில் மட்டும் போட்டுராதீங்க" என்றார். அன்றைக்கு நான் வாயைப் பொத்தாமல் சிரித்தேன். சரி என்று தலையாட்டினேன். வீட்டில் ஆட்சேபணை இல்லையே என்று கேட்டார். இல்லைங்க என்றார் உன் அப்பா. நானும் சும்மா இருந்தேன். நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: முதல் பொய் அங்கே சொல்லப்பட்டது. நீ அந்த அறையிலேயே இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாய்.

மார்கழியில் வைத்தார்கள். உதடும் தாடையும் மரத்திருந்தன, ஆனால் சத்தம் மண்டைக்குள் கேட்டது, யாரோ பக்கத்து அறையில் தேங்காய் துருவுகிற மாதிரி. அந்தத் துண்டை எனக்குக் காட்டினார்கள். கற்கண்டு மாதிரி வெள்ளை. முடிந்ததும் டாக்டர் ஒரு பட்டியல் சொன்னார். பிளேட் மாட்டக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, உதடு இழுபடுகிற மாதிரி பேசவே கூடாது. கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வந்தபோது நீ என் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தாய். உன் அப்பா குனிந்து, "கன்னெலும்புன்னு ஊட்டுல மூச்சு விட வேண்டாம். மருந்துப் பொடி வெச்சிருக்கறாங்கன்னு சொல்லிக்கலாம். அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றார். நான் தலையாட்டினேன். நீ தூங்கவில்லை. உன் வயதில் யார்தான் ரயிலில் தூங்குவார்கள்?

பேசக் கூடாதென்று ஆனதும் உன் சிலேட்டை நான் எடுத்துக்கொண்டேன். அந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் அப்பாவுக்கு மட்டும் ஒன்று எழுதுவேன், நீ ஓடிவந்து எழுத்துக் கூட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிப்பாய். "ர-சம்-உப்-பு-அத்-தை-கிட்-ட-சொல்-லா-தீங்-க." அடுக்களையிலிருந்து உன் அத்தை, "கேட்டுருச்சு அம்மிணி!" என்பார். ஒன்றாம் வகுப்புக்குள் நீ அவ்வளவு நன்றாக வாசித்ததில் எனக்குப் பெருமை. இந்த வீட்டில் ரகசியம் நிற்காது என்பதை அந்த வாரமே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பட்டிப் பொங்கல் வந்தது. உனக்குத் தெரியும், நம் வீட்டில் தைப்பொங்கலைவிட அதுதான் பெரிது. மாடு கட்டுகிற கட்டுத்தறியில் சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் ஊற்றி, மாட்டையெல்லாம் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி, அங்கேயே பொங்கல் வைத்து, "பட்டி பெருகோணும்" என்று கூவுவார்கள். ஒரம்பரைகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். உன் அத்தை ஒரு கவளம் பொங்கலை உருட்டி என் கையில் வைத்து, "போ, செவலைக்கு நீ ஊட்டு. ரெண்டு பேருக்கும் இருக்கற பகை தீரட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அன்றைக்கு அவ்வளவு பிரியமாகச் சொன்னார், கண்ணு. நீ அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அம்மா ஊட்டுனா செவலைக்குப் புடிக்காது அத்தை" என்றாய்.

"ஏன் சாமி?"

"அம்மா வாய்க்குள்ள கன்னுக்குட்டி எலும்பு வெச்சிருக்குது."

உன் அத்தை முதலில் சிரித்தபடிதான் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு போயிற்று. "நெசமா?" என்றார். என்னால் பேச முடியாது. தலையாட்டினேன். உன் அப்பா கொம்பு வர்ணம் இருந்த டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். உன் அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்த கவளத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டுக்குள்ள போ. அத எடுத்துப் போட்டுட்டு அப்புறம் இந்தக் கட்டுத்தறிக்குள்ள கால வெய்யி" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியாது. மாட்டுக் கொட்டகைக்குப் போகாவிட்டால் என்ன என்பார்கள். ஆனால் நம் வீட்டை நீ அறிவாய். பின்பக்கம் முள்வேலியும் வாய்க்காலும். முன்வாசலைத் தாண்டினால் கட்டுத்தறி. அதைக் கடந்து, மூங்கில் படலைத் திறந்தால்தான் ஊருக்குப் போகிற தடம். வேறு வழியே கிடையாது. கிணறுகூடக் கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம். என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டு எதுவும் போடவில்லை, கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடந்தது. நான் வாசற்படி வரை வருவேன், நிற்பேன், திரும்புவேன். தண்ணீரை உன் அத்தையே கொண்டுவந்து வைத்தார். கஞ்சியும் வடிகட்டி ஆறவைத்து வந்தது, ஒரு வேளை தவறவில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. பட்டினி போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சோறு போட்டு, முகத்தைப் பார்க்காமல் போகிறவரிடம் என்ன சண்டை போடுவது? அதுவும் வாயைத் திறக்க முடியாதவள்?

உன் அப்பா தினமும், "ரெண்டு நாள் பொறு, அக்கா எறங்கி வந்துருவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அக்கா வளர்த்த தம்பி, அவ்வளவுதான். இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும்போது அவர் இரண்டு பேரிடமும் சரி என்பார். நீ கல்யாணம் செய்துகொள்ளும்போது இதை மட்டும் உன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. யாராவது ஒருத்தரிடம் இல்லை என்று சொல்லிவிடு. அது நானாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்த நாட்களில் என் வாயைவிட உன்னைத்தான் அதிகம் கவனித்தேன். நான் மறைத்து வைத்திருந்த பயம் இதுதான். உன்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அன்று எல்லோரும் உன்னைப் பார்த்த பார்வையை நீ எங்கேயோ எடுத்து வைத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன என்று உன் அப்பா கேட்டால், முதலில் என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் அத்தை முகத்தை, அப்புறம்தான் "ஒண்ணுமில்லீங்க" என்றாய். பிறகு சிலேட்டையும் சத்தமாக வாசிப்பதை விட்டுவிட்டாய். நான் எழுதியதை உதட்டை மட்டும் அசைத்து வாசித்துவிட்டு, யாரும் பார்த்துவிடாமல் இருக்கிற மாதிரி உன் கையாலேயே அழித்தாய். ஆறு வயதில்! என் தாடையில் எலும்பு நிற்காவிட்டால் கஞ்சியைக் குடித்துக்கொண்டு காலத்தைத் தள்ளிவிடுவேன். உன் வாயை நான் மூடிவிட்டேன் என்றால் அதற்கு எந்த ஊர் டாக்டரிடம் போவேன்?

தை முடிகிற சமயம் டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று உன் அப்பாவிடம் பிடிவாதமாக எழுதிக் காட்டினேன். உடுத்திக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உன் அத்தை படலுக்கு முன்னால் செவலைக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுத்து, "போன ஆடியில் விற்ற காளைக்கன்று இப்போது எங்கே?" என்று எழுதினேன். பல நாளாக மனசில் எழுதி வைத்திருந்தது அது. பால் வீட்டில் காளைக்கன்றுக்கு என்ன வேலை? வியாபாரி வருவார், கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார், லாரி மேற்கே போகும். மேற்கே எங்கே, வளர்க்கவா வெட்டவா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, உன் அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு வாசித்துக் காட்டுகிறவன் நீதான். நீ ஏற்கெனவே சிலேட்டுக்குக் கையை நீட்டிவிட்டாய். அழித்தேன். உன் வாயால் இன்னொரு முறை அந்தக் கட்டுத்தறியில் ஒரு சொல் விழ வேண்டாம் என்று, தையல் இழுக்க இழுக்க, நானே கேட்டேன்.

"நங்கை, போன ஆடியில வித்த கன்னு எங்கீங்க?"

பாதிச் சத்தம் காற்றாகத்தான் வந்தது. ஆனால் அவருக்குப் புரிந்தது. கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா அம்மிணி? ஒவ்வொண்ணையும் நாந்தான் கயித்தப் புடிச்சுக் குடுக்கறேன். குடுத்துட்டு லாரி திரும்பற வரைக்கும் அக்கட்ட பக்கமே பார்க்க மாட்டேன். இப்ப நீ அத வாயில வெச்சுட்டு தெனமும் என்ற முன்னால ஒக்கோந்திருக்கற. நான் எக்கட்ட பாக்கறது, சொல்லு?"

சுத்தம், தீட்டு என்று ஏதாவது சொல்வார், படித்தவள் என்ற தெம்பில் பதில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இதற்கு என்ன சொல்வது? அவர் படலிலிருந்து விலகி நின்றார். "போ. எடுத்துட்டு வா" என்றார். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தறியைக் கடந்தேன். செவலை தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் வாயைப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். நீ ஒரு மூலையில் நின்றாய். "புடிச்சிருக்குதுங்க" என்றார். "ஒரு ஓரத்துல மட்டும் சின்னத் துண்டு ஒட்டாம வெளிய தள்ளிருக்குது. அதை எடுத்துடறேன். மிச்சம் நிக்கும்னு தோணுது. இன்னும் ஆறு மாசம் பொறுங்க." வலிக்கவே இல்லை. ஒரு பயறு அளவுதான், பழுப்பாகியிருந்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டு அவர் கை கழுவப் போனார்.

உன் அப்பா அந்தத் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக, "ஏம்மிணி, இதக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போயி அக்காகிட்டக் காட்டி, எடுத்தாச்சுன்னு சொல்லிட்டா? உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

நான் நல்லவள் மாதிரி எழுத மாட்டேன். அந்த நிமிஷம் எனக்கு அது ஆகாயத்திலிருந்து விழுந்த சாவி மாதிரித்தான் இருந்தது. கட்டுத்தறியைக் கடக்கலாம், கிணற்றடிக்குப் போகலாம், ஆனி பிறந்தால் பள்ளிக்கூடத்துக்கே போய் வேலை கேட்கலாம். உன் அத்தைக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்ற கஷ்டம் தீரும். முழுப் பொய்கூட இல்லை, ஒரு துண்டை எடுத்ததென்னவோ நிஜம். கையை நீட்டிவிட்டேன். அப்போது நீ மூலையிலிருந்து வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாய்: "அத்தை கேட்டா நான் என்னன்னு சொல்லோணும்மா?"

நீ நல்ல பிள்ளையாகத்தான் கேட்டாய். நாங்கள் என்ன சொன்னாலும் அப்படியே சொல்லத் தயாராக நின்றாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். உன் அப்பாவைப் பார்த்து, "வேண்டாங்க" என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. தட்டை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவைத்தார். அவருக்கும் அதில் மனசு லேசாகத்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வருகிற ரயிலில் உன்னை மடியில் இருத்திக்கொண்டு, பேசக் கூடாது என்பதையும் மீறி உன் காதில் சொன்னேன். "எலும்பு உள்ள இருக்குது. அத்தை கேட்டா இருக்குதுன்னு சொல்லு. யாரு கேட்டாலும் அதயே சொல்லு. அன்னிக்கு நீ சொன்னதும் தப்பில்ல." "அத்தைக்குக் கோபம் வந்தா?" என்றாய். "வரட்டும்." "உன்ன மறுபடி ஊட்டுக்குள்ளயே இருக்கச் சொன்னா?" "இருந்துக்கறேன்" என்றேன். பயமில்லாமல் சொல்லவில்லை. பெரியவர்கள் பயத்தோடுதான் பேசுவார்கள், உனக்கும் ஒரு நாள் தெரியும். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்டேஷனிலிருந்து நடந்தோம். தடம் திரும்பும்போதே படல் தெரிந்தது. உன் அத்தை கையில் பால் வாளியோடு கட்டுத்தறியின் நடுவில் நின்று நாங்கள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பாவின் நடை தளர்ந்தது, என்னுடையதும். நான் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நீ என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாய். படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் போன அந்த ஓட்டை வாயால், யாரும் கேட்பதற்கு முந்தியே, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாய்:

"அத்தை! எலும்பு அங்கயேதான் இருக்குது!"

நான் உன் பின்னால் வந்து நின்று படலைத் திறந்தேன்.

உன் அம்மா